அமெரிக்காவில் மருத்துவ ஆவண நிபுணர் வேலையும் விசா ஸ்பான்சரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவமனை ஒன்றின் ஆவணப் பிரிவில் பணிபுரிகிறேன் என்று தெரிந்ததும் செவிலியர்களும், எம்.பி.பி.எஸ். முடித்தவர்களும், கோடிங் துறையில் இருப்பவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் உள்ள விசா விவரங்கள் 2025ஆம் ஆண்டின் இறுதி நிலவரப்படி எழுதப்பட்டவை. நான் வழக்கறிஞர் அல்லள். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது அவசியம்.

சிடிஐ, சிடிஐ என்கிறார்களே, அது கோடிங் வேலைதானே?

இல்லை. சிடிஐ என்பது மருத்துவ ஆவணங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்க்கும் ‘கிளினிக்கல் டாக்குமென்டேஷன் இன்டெக்ரிட்டி’ பணி. கோடிங் செய்பவர் மருத்துவர் எழுதியதைக் குறியீடாக மாற்றுகிறார். மருத்துவ ஆவண நிபுணர், நோயாளியின் உண்மை நிலையை மருத்துவர் முழுமையாக எழுதியிருக்கிறாரா என்று பார்க்கிறார். ஓர் எடுத்துக்காட்டு: நோயாளியின் கிரியாட்டினின் அளவு 0.9இலிருந்து இரண்டே நாளில் 2.8க்கு உயர்ந்திருக்கிறது, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றப்பட்டிருக்கிறது, ஆனால் மருத்துவரின் குறிப்பில் “சிறுநீரகச் செயல்பாடு சற்றுக் குறைவு” என்று மட்டும் இருக்கிறது. ஆய்வக எண்ணை வைத்துக்கொண்டு கோடர் தாமாக நோயின் பெயரைச் சேர்க்க விதி இடம் தருவதில்லை. அந்த எண்களைச் சுட்டிக்காட்டி, இது எந்த நோய்நிலையைக் குறிக்கிறது என்று மருத்துவரிடம் எழுத்தில் கேட்பதே ஆவண நிபுணரின் பணி. அந்தக் கேள்விக்குத் துறையில் ‘குவெரி’ என்று பெயர்.

குவெரி எழுதுவது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். “இது தீவிரச் சிறுநீரகச் செயலிழப்புதானே?” என்று பதிலை ஊட்டிவிடும் வகையில் கேட்கக் கூடாது, எந்தப் பதிலால் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் வரும் என்பதைக் குறிப்பிடவும் கூடாது. அஹிமா, ஆக்டிஸ் என்னும் இரு தொழில்முறைச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்டு, 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

இதற்கென்று மருத்துவமனை ஏன் தனியாக ஆள் வைக்கிறது?

மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு 1983 முதல் உள்நோயாளிகளுக்கு நாள் கணக்கில் அல்லாமல், டிஆர்ஜி என்னும் நோய்த்தொகுப்பு அடிப்படையில் பணம் தருகிறது. 2007 அக்டோபரில் அந்தத் தொகுப்புகள் நோயின் தீவிரத்தைப் பொறுத்துப் பிரிக்கப்பட்டன. 2015 அக்டோபரில் ஐசிடி-10 என்னும் நோய்க் குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்தபோது குறியீடுகள் இன்னும் நுணுக்கமாயின. “இதயச் செயலிழப்பு” என்று பொதுவாக எழுதுவதற்கும், எந்த வகை, புதிதாகத் தோன்றியதா நாள்பட்டதா என்று எழுதுவதற்கும் இடையே கணக்கு மாறிவிடுகிறது. பணம் மட்டுமல்ல, மருத்துவமனையின் இறப்பு விகிதம் போன்ற தர மதிப்பீடுகளும் இதே ஆவணத்தை நம்பியே கணக்கிடப்படுகின்றன.

செவிலியர்தான் செய்ய வேண்டுமா? நான் எம்.பி.பி.எஸ்., என் மனைவி பி.பார்ம். எங்களுக்கு இடம் உண்டா?

பெரும்பாலான விளம்பரங்கள் அமெரிக்க ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) உரிமம் உள்ள, தீவிர சிகிச்சைப் பிரிவிலோ மருத்துவ-அறுவை வார்டிலோ சில ஆண்டுகள் பணியாற்றிய செவிலியரையே கேட்கின்றன. அதற்கு அடுத்தபடியாக, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களை விரும்பி எடுக்கும் மருத்துவமனைகளும் உண்டு. கேஸ் ஷீட்டைப் படித்து நோய்ப்போக்கை ஊகிக்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் பணியில் நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை அளிப்பதில்லை என்பதால், மருத்துவராகப் பயிற்சி செய்யும் உரிமம் இதற்குத் தேவையில்லை.

மருந்தியல் படித்தவர் நேரடியாக நுழைவது கடினம். உள்நோயாளி கோடிங்கில் சிசிஎஸ் சான்றிதழ் பெற்று, கோடராகச் சில காலம் இருந்து, அங்கிருந்து மாறுவதே நடைமுறையில் காணும் பாதை. எம்.பி.பி.எஸ். முடித்து ரெசிடென்சி என்னும் மருத்துவப் பயிற்சிப் பணிக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்தப் பணி அமெரிக்க மருத்துவமனையின் மொழியைக் கற்றுத்தரும், ஆனால் நேரடி நோயாளி அனுபவமாக அது கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

சிசிடிஎஸ் பாஸ் செய்துவிட்டால் ஸ்பான்சர் கிடைத்துவிடும் என்று பயிற்சி மையத்தில் சொன்னார்கள். உண்மையா?

ஆக்டிஸ் வழங்கும் சிசிடிஎஸ் சான்றிதழ், ஏற்கெனவே ஆவண நிபுணராகப் பணியாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கானது. அந்தப் பணியில் இரண்டு ஆண்டு அனுபவத்தைக் காட்டினால்தான் தேர்வுக்கே அனுமதி. எனவே முன் அனுபவம் இல்லாதவருக்கு அதை வாங்கித் தருவதாகச் சொல்லும் மையத்தை நம்ப வேண்டாம். அஹிமா வழங்கும் சிடிஐபி இன்னொரு சான்றிதழ். அதன் தகுதி விதிகள் வேறு. இரண்டுமே வேலைக்கு உதவும். விசா அதிகாரி இவற்றைப் பட்டத்துக்கு ஈடாகக் கொள்வதில்லை.

இந்த வேலைக்கென்று தனி விசா இருக்கிறதா?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை; முதலாளி அந்தப் பதவிக்கு என்ன கல்வித் தகுதியைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறார், அன்றாடம் என்ன செய்யச் சொல்கிறார் என்பதைப் பார்க்கிறது. ஒரே பணியை இரண்டு மருத்துவமனைகள் இரண்டு விதமாக விவரிக்கலாம். ஒன்றில் விசா கிடைக்கும், மற்றொன்றில் கிடைக்காது. ஆவண நிபுணர் பணி என்னும் வாசல் வழியாக நேரே அமெரிக்காவுக்குள் வந்தவர்களை விட, வேறு வாசலில் நுழைந்து உள்ளே வந்தபின் இந்தப் பணிக்கு மாறியவர்களே எனக்குத் தெரிந்தவரை அதிகம். கீழே வரும் பதில்களை இதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

ஹெச்-1பி-யில் போட்டால் சிடிஐ-க்குச் சிக்கல் வரும் என்கிறார்களே, ஏன்?

ஹெச்-1பி என்பது சிறப்புத் தொழிலுக்கான விசா. குறிப்பிட்ட துறையில் இளநிலைப் பட்டமாவது இல்லாமல் அந்தப் பணியைச் செய்ய முடியாது என்று முதலாளி நிறுவ வேண்டும். உங்களிடம் பட்டம் இருப்பது போதாது. அந்தப் பணிக்கே பட்டம் தேவைப்பட வேண்டும். அமெரிக்காவில் இரண்டாண்டு அசோசியேட் பட்டத்தோடும் ஆர்.என். ஆகலாம். “ஆர்.என். உரிமம் தேவை, பி.எஸ்.என். (செவிலிய இளநிலைப் பட்டம்) இருந்தால் நல்லது” என்று விளம்பரம் எழுதும் மருத்துவமனை, தனக்கே தெரியாமல் தன் விண்ணப்பத்தைப் பலவீனமாக்கிவிடுகிறது. சாதாரண ஆர்.என். பணிகள் பொதுவாக ஹெச்-1பி-க்குப் பொருந்துவதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்த சிக்கல் தொழில் வகைப்பாட்டில் இருக்கிறது. தொழிலாளர் துறையின் பட்டியலில் இந்தப் பணியை மருத்துவப் பதிவேட்டு நிபுணர் என்னும் பிரிவில் சேர்த்துவிட்டால், அந்தப் பிரிவுக்கு வழக்கமாகப் பட்டம் தேவையில்லை என்று அரசின் கையேடே சொல்கிறது. அதிகாரி அதையே மேற்கோள் காட்டிக் கூடுதல் ஆதாரம் கேட்பார். மருத்துவர்களுக்குப் பாடம் எடுப்பது, மறுக்கப்பட்ட காப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு மருத்துவ வாதம் எழுதுவது, தரவுப் பகுப்பாய்வு போன்றவை பணியில் உண்மையாகவே பெரும்பகுதியாக இருந்து, அதற்கு மருத்துவம், செவிலியம் அல்லது சுகாதாரத் தகவலியல் பட்டம் கட்டாயம் என்று மருத்துவமனை தொடக்கத்திலிருந்தே வைத்திருந்தால் வழி பிறக்கும். விசாவுக்காகப் பின்னர் எழுதிச் சேர்த்த விவரணம் எளிதில் வெளுத்துவிடும்.

இவற்றைத் தாண்டினாலும் எண்ணிக்கை வரம்பு இருக்கிறது. ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்க முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடங்கள். மார்ச் மாதத்தில் முதலாளி 215 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், குலுக்கலில் தேர்வானால் அக்டோபர் 1 முதல் வேலை தொடங்கலாம். அந்தத் தேர்வில் ஊதிய நிலை உயர்ந்தவர்களுக்கு முன்னுரிமை தரும் மாற்றமும் 2025இல் கொண்டுவரப்பட்டிருக்கிறது. தொடக்க நிலை ஊதியத்தில் எடுக்கப்படும் ஆவண நிபுணருக்கு அது நல்ல செய்தி அல்ல.

குலுக்கலே இல்லாமல் ஹெச்-1பி தரும் மருத்துவமனைகள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. பல்கலைக்கழகங்களும், அவற்றோடு முறையாக இணைந்த லாப நோக்கற்ற நிறுவனங்களும், லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களும் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டவை அல்ல. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய போதனா மருத்துவமனைகள் பல இதில் அடங்கும். ஆவணப் பிரிவு பெரியதாக இருப்பதும் அங்கேதான். அவை ஆண்டின் எந்த மாதத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வரம்பிலிருந்து விலக்கு என்பது குலுக்கலிலிருந்து மட்டுமே விலக்கு. முந்தைய பதிலில் சொன்ன சிறப்புத் தொழில் நிபந்தனை அப்படியே இருக்கிறது.

2025 செப்டம்பர் 21 முதல் வேறொரு சுவரும் எழும்பியிருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிதாகப் போடப்படும் ஹெச்-1பி மனுவுக்கு முதலாளி ஒரு லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அதிபரின் பிரகடனம் கூறுகிறது. முதலில் 12 மாதங்களுக்கு என அறிவிக்கப்பட்ட இது, வரம்பு விலக்கு பெற்ற மருத்துவமனைகளையும் விட்டுவைக்கவில்லை. மாணவர் விசா போன்றவற்றில் ஏற்கெனவே உள்ளே இருந்து, அங்கிருந்தபடியே நிலை மாற்றம் பெறுபவர்களுக்கு இந்தத் தொகை பொருந்தாது என்று குடியேற்றத் துறை பின்னர் விளக்கியது. ஓர் ஆவண நிபுணருக்காக எந்த மருத்துவமனையும் அவ்வளவு தொகையைக் கட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே வெளியிலிருந்து ஹெச்-1பி-யை மட்டும் நம்பித் திட்டமிடுவது இப்போதைக்கு வீண்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து எட்டு வருடமாக ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். செவிலியராகப் போய் அங்கே சிடிஐ-க்கு மாறிக்கொள்ளலாமா?

அதுவே நேர்மையான, நெடிய பாதை. தொழில்முறைச் செவிலியர்கள் ‘அட்டவணை ஏ’ என்னும் பட்டியலில் இருப்பதால், உள்நாட்டில் ஆள் இல்லை என்று முதலாளி விளம்பரம் செய்து நிரூபிக்க வேண்டியதில்லை. என்கிளெக்ஸ் என்னும் செவிலியர் உரிமத் தேர்வு, மாநில உரிமம், ஆங்கிலத் தேர்வை உள்ளடக்கிய விசாஸ்கிரீன் சான்றிதழ் ஆகியவற்றோடு இபி-3 என்னும் வேலைவழிக் குடியேற்றப் பிரிவில் நேரடியாகக் கிரீன் கார்டே கிடைக்கும்.

இதில் தடை காத்திருப்புதான். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான இபி-3 வரிசை 2025 இறுதியில் 2013ஆம் ஆண்டு விண்ணப்பங்களிலேயே நின்றிருந்தது. வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது, குடியுரிமையைப் பொறுத்தது அல்ல. இலங்கையில் பிறந்தவர் இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இந்தியாவில் பிறந்தவர் வேறு நாட்டில் பிறந்தவரை மணந்திருந்தால் துணைவரின் நாட்டு வரிசையைப் பயன்படுத்தலாம். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொள்ளாமல் ஆண்டுகளைத் தொலைத்த தம்பதியர் உண்டு.

வந்து சேர்ந்த பிறகு எப்போது மாறலாம் என்பதற்குச் சட்டத்தில் குறித்த கால அளவு இல்லை. ஆனால் ஸ்பான்சர் செய்த வார்டுப் பணியில் உண்மையாகவே சேரும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வந்திறங்கிய வாரமே விலகினால் அந்த எண்ணம் கேள்விக்குள்ளாகும். ஆள் சேர்ப்பு நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கானவை. இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்னும் பகுதியைக் கையெழுத்திடும் முன் படிக்க வேண்டும். அந்த ஆண்டுகள் வீண் அல்ல. ஆவணப் பிரிவுகள் கேட்கும் அமெரிக்க வார்டு அனுபவம் அதில்தான் சேர்கிறது.

நேரடியாக சிடிஐ வேலைக்கே அட்டவணை ஏ-யில் கிரீன் கார்டு போட முடியாதா? நான் ஆர்.என்.தானே?

உங்கள் உரிமம் அல்ல, பணியே முக்கியம் என்று முன்பே பார்த்தோம். நோயாளிகளுக்குச் செவிலியப் பராமரிப்பு வழங்கும் பணிக்கே அந்தச் சலுகை. ஆவணங்களை ஆராயும் பணியை அதில் நுழைப்பது பலமற்ற வாதம். வழக்கமான தொழிலாளர் சான்றளிப்பு வழியாக, ஆள் தேடி விளம்பரம் செய்து, இபி-3-இல் போடலாம். அது நீண்ட வழி.

நான் இப்போது கனடாக் குடியுரிமை பெற்ற தமிழன். எனக்கும் இதே விதிதானா?

கனடாக் குடிமக்களுக்கு டிஎன் என்னும் நிலை உண்டு, குலுக்கல் இல்லை. அதன் தொழில் பட்டியலில் பதிவு பெற்ற செவிலியர் இருக்கிறார், ஆவண நிபுணர் இல்லை. எனவே இது செவிலியப் பணிதானா என்னும், முந்தைய பதிலில் உள்ள அதே கேள்வியை எல்லையில் அதிகாரி கேட்கக்கூடும். கனடாவின் நிரந்தரக் குடியிருப்பு மட்டும் இருந்தால் டிஎன் கிடையாது.

அங்கே போய் ஒரு மாஸ்டர்ஸ் படித்தால் எளிதாகுமா?

எந்தப் பட்டம் என்பதைப் பொறுத்தது. படிப்புக்குப் பிந்தைய ஓபிடி வேலை அனுமதி எல்லோருக்கும் 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பானால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். மெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெயரில் அதோடு ஒட்டிப்பிறந்ததுபோல் தோன்றும் மருத்துவப் பதிவேட்டு நிர்வாகப் படிப்பு அதில் இல்லை. கல்லூரியின் விளம்பரத்தை நம்பாமல், அவர்கள் ஐ-20 என்னும் மாணவர் விசாப் படிவத்தில் எழுதப்போகும் படிப்புக் குறியீடு 51.2706தானா என்று எழுத்தில் கேட்டுப் பெறவும். கல்விக் கடன் வாங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

நீட்டிப்புக்கு முதலாளி, பணியாளரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை என்னும் அரசுத் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். படிப்புக்கும் பணிக்கும் உள்ள தொடர்பைப் பயிற்சித் திட்டப் படிவத்தில் விளக்க வேண்டும். மூன்று ஆண்டு கிடைத்தால் மூன்று முறை குலுக்கலில் கலந்துகொள்ளலாம், சிசிடிஎஸ் கேட்கும் இரண்டு ஆண்டு அனுபவமும் சேர்ந்துவிடும், ஒரு லட்சம் டாலர் பிரச்சினையும் உள்ளே இருப்பதால் பெரும்பாலும் எழாது.

கணவர் ஹெச்-1பி-யில் இருக்கிறார், நான் ஹெச்-4. எனக்கு ஸ்பான்சர் வேண்டுமா?

கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், 2015 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி நீங்கள் தனி வேலை அனுமதி அட்டை பெறலாம். பிறகு எந்த ஸ்பான்சரும் இல்லாமல் ஆவண நிபுணராகச் சேரலாம். எல்-1 (நிறுவனத்துக்குள் இடமாற்றம்) விசாவில் உள்ளவரின் துணைவருக்கு 2021 நவம்பர் முதல் அந்த நிலையே வேலை அனுமதி. தனி அட்டை கட்டாயமில்லை.

ஹெச்-4 அட்டை வைத்திருப்பவர்கள் புதுப்பிப்பில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்குத் தானாகக் கால நீட்டிப்பு கிடைப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய அட்டை காலாவதியாகும் நாளில் புதியது கையில் இல்லாவிட்டால் வேலையை நிறுத்தத்தான் வேண்டும். புதுப்பிப்பு விண்ணப்பத்தை 180 நாள் முன்னதாகவே அனுப்பலாம். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எந்த மருத்துவமனை ஸ்பான்சர் செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

“ஸ்பான்சர் மருத்துவமனைகள்” என்று சுற்றிவரும் பட்டியல்களை ஒதுக்கிவிட்டு, அரசின் தரவையே பாருங்கள். தொழிலாளர் துறை ஒவ்வொரு காலாண்டிலும் வெளியிடும் எல்சிஏ (ஹெச்-1பி மனுவுக்கு முன் முதலாளி பெற வேண்டிய ஊதியச் சான்று) கோப்பில் முதலாளியின் பெயர், பதவிப் பெயர், பணியிடம், ஊதியம் எல்லாம் இருக்கும். அதில் பதவிப் பெயரில் ‘கிளினிக்கல் டாக்குமென்டேஷன்’ என்று தேடினால், உண்மையில் யார் மனுப் போட முன்வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். குடியேற்றத் துறையின் ஹெச்-1பி முதலாளிகள் தரவகத்தில் மருத்துவமனை வாரியாக எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன என்று பார்க்கலாம். எல்சிஏ சான்று பெற்றது விசா கிடைத்ததற்குச் சமம் அல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஓபிடி-யில் இருக்கிறேன். விண்ணப்பத்தில் “ஸ்பான்சர் தேவையா” என்றால் “இல்லை” என்று போடலாமா?

கேள்வியை முழுவதும் படியுங்கள். “இப்போது தேவையா” என்றால் இல்லை என்பது உண்மை. “இப்போதோ எதிர்காலத்திலோ தேவையா” என்றால் ஆம் என்பதே உண்மை. முதலாளி இதைக் கேட்பதும், ஸ்பான்சர் செய்ய விருப்பமில்லை என்று விலகுவதும் சட்டப்படி சரியே. பொய் சொல்லிச் சேர்ந்தால், ஓராண்டு கழித்து உதவி கேட்டு நிற்கப்போவதும் அதே மேலாளரிடம்தான்.

இது ரிமோட் வேலைதானே? வேறு மாநிலத்தில் இருந்து செய்யலாமா? ஊரிலிருந்தே செய்யலாமா?

ஆவணப் பணியின் பெரும்பகுதி இன்று வீட்டிலிருந்தே நடக்கிறது. ஆனால் ஹெச்-1பி-யில் இருப்பவருக்கு வீடே பணியிடம். அந்த முகவரிக்கு உரிய வட்டார ஊதியத்தின்படியே மனு ஏற்கப்பட்டிருக்கும். வேறு பெருநகர வட்டாரத்துக்கு வீடு மாறினால், மாறும் முன்பே திருத்திய மனுப் போட வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் சிமியோ என்னும் குடியேற்ற வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு உறுதியான விதி. மனிதவளப் பிரிவுக்குத் தெரியாமல் மாநிலம் மாறுவது பின்னாளில் கிரீன் கார்டு நேர்காணலில் எதிரொலிக்கும்.

வெளிநாட்டில் இருந்தபடியே வேலை செய்ய அமெரிக்க விசா தேவையில்லை. ஆனால் நோயாளித் தகவலை நாட்டுக்கு வெளியே திறக்க மருத்துவமனைகள் பல அனுமதிப்பதில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட்டுக்குச் சில மாநிலங்கள் போடும் ஒப்பந்தங்களும் அதைத் தடுக்கின்றன. நேரடிப் பணியாளராக அப்படி எடுப்பது அரிது.

ஏஜென்சி ஸ்பான்சர் கட்டணம் என்று பணம் கேட்கிறது. கட்டலாமா?

ஹெச்-1பி மனுவுக்கான வழக்கறிஞர் கட்டணமும் அரசுக் கட்டணங்களும் முதலாளியின் வணிகச் செலவு. அவற்றில் பயிற்சி நிதிக்கான கட்டணத்தை எந்த வடிவிலும் பணியாளரிடம் வாங்கக் கூடாது. கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்றளிப்புச் செலவும் முழுக்க முதலாளியுடையது. உங்கள் பட்ட மதிப்பீடு, என்கிளெக்ஸ், உரிமம், ஆங்கிலத் தேர்வு ஆகியவை நியாயமாகவே உங்கள் செலவு. “விசா இடம்” என்று தொகை கேட்டால் அது விற்பனைக்கு உரிய பொருள் அல்ல.

ஒரு கன்சல்டன்சி இரண்டு வருட சிடிஐ அனுபவம் இருப்பதாகப் போட்டு மனு அனுப்புகிறேன் என்கிறது. எல்லோரும் செய்வதுதானே?

அந்த அனுபவக் கடிதம் மனுவில் சேர்ந்து, நீங்கள் அதை நம்பித் தூதரகத்தில் பதில் சொன்னால், முக்கியமான தகவலைத் திரித்துச் சொன்னதாகக் கொள்ளப்படும். குடியேற்றச் சட்டத்தில் அதற்கான விளைவு சில ஆண்டுத் தடை அல்ல, நிரந்தரத் தடை. குறுகிய சூழல்களில் மட்டுமே விலக்கு கேட்கலாம். பின்னாளில் செவிலியர் பாதையோ, கணவர் அல்லது மனைவி வழியோ திறந்தாலும் இந்தப் பதிவு அங்கும் வந்து நிற்கும்.

வேலையிலும் அது நிலைக்காது. ஆவணப் பிரிவு நேர்காணல்களில் ஒரு கேஸ் ஷீட்டைக் கையில் கொடுத்துக் குவெரி எழுதச் சொல்வது வழக்கம். முதல் கேள்விக்கான பதிலில் உள்ள சிறுநீரக எடுத்துக்காட்டு போன்ற ஒன்றையே கொடுப்பார்கள். மருத்துவருக்குப் பதிலை ஊட்டிவிடாமல் கேட்கத் தெரிகிறதா என்பது நான்கு வரியில் தெரிந்துவிடும்.